சக்கரம் மடக்கிய விமானம்

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் பெரும்பாலும் உருவாரம்தான். மாட்டுக்குச் சீக்கு வந்து தேறினால் மண்ணில் ஒரு மாடு செய்து கோயிலில் வைப்போம். ஒடிந்த கால் கூடிவிட்டால் ஒரு கால். பிள்ளை பிறந்தால் தொட்டிலும் பிள்ளையும். எங்கள் மாரியம்மன் கோயிலின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் இப்படி வந்து சேர்ந்த குதிரைகளும் மாடுகளும் நாய்களும் மழையிலும் வெயிலிலும் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைக்கு ஒரு விமானம் போய்ச் சேரும் என்றோ, அதை என் கையால் நான் செய்வேன் என்றோ போன ஆடி மாதம் வரைக்கும் நான் நினைத்தது கிடையாது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை தாண்டி, நடந்தே தமிழ்நாட்டுக்குள் போய்விடலாம் என்கிற தூரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. மோட்டார் பழுதானால் நானே பிரிப்பேன், சொட்டு நீர்க் குழாய் அடைத்தால் நானே குத்துவேன். கைவேலை என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விமானத்தைத் தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

எங்களுக்கு ஒரே மகள். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஆடியில் ஒரு மாத லீவில் வந்தாள். அவளைக் கூட்டிவர நான் நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். காலை வேளை. மழை என்றால் அப்படி ஒரு மழை. எதிரே நிற்கிற கார் தெரியவில்லை. பலகையில் அவள் விமானத்துக்கு நேரே தாமதம் என்று போட்டிருந்தது, எனக்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் வீட்டில் என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. விமானம் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஏதோ ஒன்றை மகள் முன்பே அவள் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். சின்ன மஞ்சள் விமானம் ஒன்று வரைபடத்தின் மேல் ஊர்ந்துகொண்டே வரும். அதைப் பூஜையறை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எனக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, பக்கத்துல வந்துட்டுத் திரும்பித் திரும்பிப் போகுதுங்க. கடலுக்குப் போகுது, மறுக்கா வருது. அங்க என்னங்க நடக்குது?"

எனக்கு என்ன தெரியும்? மழைதான் தெரிந்தது. ஒன்றுமில்லை, போனை வை என்றேன். அவள் போனை வைத்துவிட்டுப் பூஜையறைக்குள் போய், தாயே, என் பொண்ணு கால் தரையில் படட்டும், அந்த விமானத்தையே செய்து உன் வாசலில் கொண்டுவந்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். முக்கால் மணி நேரம் கழித்து விமானம் இறங்கியது. மகள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்ன ஆச்சு கண்ணு என்று கேட்டதற்கு, மழைங்கப்பா, சுத்தீட்டே இருந்தோம் என்றாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

வேண்டிக்கொண்டதைச் செலுத்தாமல் இன்னொரு பயணம் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். என் மாமனார் காலத்தில் சந்தைக்குக்கூடப் போகமாட்டார்களாம். மகளுடைய லீவு முப்பது நாள். அது முடிகிற திங்கட்கிழமை அவள் திரும்ப விமானம் ஏற வேண்டும், ஏறாவிட்டால் வேலையும் விசாவும் போய்விடும். உருவாரம் வைக்காமல் அவளை ஏற்றி அனுப்ப மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள். அவள் அப்படிச் சொன்னால் அது முடிந்த பேச்சு.

குதிரை செய்கிற குயவரிடம் போனோம். ஆடி மழையில் சூளை வைக்க மாட்டேன், தை பிறந்து வாருங்கள் என்றார். கொஞ்சம் யோசித்து, "குதிரைன்னா நாலு காலு இருக்குதுங்க. இதுக்கு ரெக்கையை எது மேல நிறுத்தறது?" என்றார். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வந்ததும் மகள் போனில் எதையோ தேடினாள். நிஜ விமானத்தை அளவெடுத்துச் சிறிதாக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். அவள் வந்த அதே வகை விமானம் கிடைத்தது. ஒன்பது நாளில் பெட்டி வந்தது. கொரியர்க்காரர் மலையாளத்தில், பேரனுக்கு விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். சாமிக்கு என்றாள் என் மனைவி. அவர் பெட்டியை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார்.

பிளாஸ்டிக் என்பதால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பூசாரியிடம் போய்க் கேட்டேன். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், எதையும் சிரிக்காமல் சொல்லுவார்.

"ஆத்தா மைக்செட்டை ஏத்துக்கிட்டா, சீரியல் லைட்டை ஏத்துக்கிட்டா. உன்ற பிளாஸ்டிக்கை மட்டும் வேண்டாம்பாளாக்கும். சுத்தபத்தமா செஞ்சு கொண்டா, போ."

அன்றிலிருந்து கவுச்சி நிறுத்தினேன். தினமும் மாட்டு வேலை முடிந்ததும் குளித்து, விபூதி பூசி, பூஜையறையை ஒட்டிய சின்ன அறையில் பாயை விரித்துக் கிழக்கே பார்த்து உட்காருவேன். கீழே வெள்ளைத் துண்டு. மூக்கில் கண்ணாடி. கையில் பிளேடும் நகவெட்டியும் உப்புத்தாளும். சின்னத் துண்டுகளை இடுக்கிப் பிடிக்க மகள் தன்னுடைய சாமணம் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்த அன்று நான் கொஞ்ச நேரம் ஒன்றையும் தொடவில்லை. வெள்ளைச் சட்டங்களில் காய் காய்த்த மாதிரி நூற்றுச் சொச்சம் துண்டுகள் தொங்கின. உடம்பு மட்டும் அவரைக்காயை நெடுக்கப் பிளந்த மாதிரி இரண்டு பாதியாக இருந்தது. ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். பக்கவாட்டில் ஊசியால் குத்திய மாதிரி ஓட்டைகள். அவைதான் ஜன்னல்களாம். நிஜத்தில் இருப்பதை நூற்று நாற்பத்து நாலால் வகுத்தது இது என்று மகள் சொன்னாள். அப்படியானால் நீ எவ்வளவு இருப்பாய் என்று கேட்டேன். அவள் கணக்குப் போட்டாள். உட்கார்ந்தால் ஒரு கொண்டைக்கடலை.

எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எழுந்து போய்ச் சமையலறை டப்பாவிலிருந்து ஒரு கொண்டைக்கடலையை எடுத்துவந்து, எந்த ஜன்னல் என்று கேட்டேன். ரெக்கைக்குப் பின்னால் நாலாவது என்றாள். அந்த ஓட்டைக்கு நேராகக் கடலையை வைத்துப் பார்த்தேன். பிறகு அதை எடுத்துவிட்டு, அதே ஓட்டை வழியே உள்ளிருந்து வெளியே பார்த்தேன். மாட்டுக்கொட்டாயின் வெளிச்சம் ஒரு கடுகு அளவுக்குத் தெரிந்தது. இவ்வளவு மெல்லிய ஓட்டுக்குள் உட்கார்ந்துகொண்டா என் பிள்ளை கடலைத் தாண்டினாள்? ஓட்டுக்கு வெளியே மேகம், கீழே ஒன்றுமே இல்லை. பக்கத்து சீட்டில் யாரோ தூங்குகிறார்கள், யாரோ காப்பி குடிக்கிறார்கள். இத்தனை நாளும் ஊருக்கு வருகிறாள், ஊரிலிருந்து போகிறாள் என்று பஸ் ஏற்றிவிட்ட மாதிரி இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

படங்கள் போட்ட காகிதம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை மகள்தான் படித்துச் சொன்னாள். முதல் பக்கத்திலேயே நிறுத்தி, "அப்பா, இதைப் பறக்கற மாதிரியும் செய்யலாமுங்க, தரையில நிக்கற மாதிரியும் செய்யலாமுங்க. எப்படிச் செய்யறீங்க? இப்பவே முடிவு பண்ணோணும்," என்றாள். நிற்க வைப்பதானால் மூக்கினுள்ளே ஈயமோ எதோ கனமாக வைத்து மூட வேண்டும், சக்கரங்களை மாட்ட வேண்டும். பறப்பதானால் கனம் வேண்டாம், சக்கரக் கதவுகளை மூடி ஒட்டிவிட்டு வயிற்றில் ஒரு தண்டு குத்தி நிறுத்த வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை. பறக்கிற மாதிரி என்றேன். எங்கள் கோயில் குதிரைகள் எதுவும் லாயத்தில் நிற்கிற மாதிரி இருக்காது. முன்னங்கால் தூக்கியிருக்கும், காது விடைத்திருக்கும். விமானத்தை மட்டும் ஏன் நிற்க வைக்க வேண்டும்? என் மனைவி அந்த நேரம் தோட்டத்தில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டும் முன் உள்ளே ஒரு சிட்டிகை விபூதி போட்டேன். அந்தப் பசை ஒட்டுகிற பசை மாதிரி இல்லை. தொட்ட இடத்தைக் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆறினால் பிரிக்க முடியாது. அதனால் வைக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் தாயே என்று ஒரு தரம் சொல்லிக்கொள்வேன்.

ரெக்கைகளைப் பொருத்திய நாளை மறக்க முடியாது. கையில் பிடித்து ஓரமாகப் பார்த்தால் நுனியில் தென்னை ஓலை அளவுக்குத்தான் தடிப்பு. ஜனங்கள், மூட்டை முடிச்சு, எண்ணெய் எல்லாவற்றையும் இது தாங்குகிறதா என்று கேட்டேன். மகள் சிரித்தாள். தாங்குவது மட்டும் இல்லையாம், மேலே போனதும் நுனி நல்ல உயரத்துக்கு வளைந்துகொள்ளுமாம், ஜன்னல் வழியே அவளே பார்த்திருக்கிறாளாம். முறியாதா என்றேன். வளையறதனாலதான் முறியாதுங்கப்பா என்றாள். தோப்பில் ஆடிக்காற்றில் தென்னைகள் வளைந்து நிமிர்வதை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான். அதையே ஒருவன் யோசித்து இரும்பிலும் தகரத்திலும் செய்திருக்கிறானே. அவனுக்கு அந்த யோசனையைக் கொடுத்தது யார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, கும்பிடத்தான் தெரிந்தது.

சக்கரக் கதவுகள்தான் என் பிராணனை வாங்கின. பெட்டியில் அவற்றைத் திறந்து வைப்பதற்கு ஏற்றபடிதான் வெட்டியிருந்தார்கள். மூடினால் ஒரு பக்கம் துருத்தும், இன்னொரு பக்கம் சந்து விழும். உப்புத்தாளை மடித்து மூன்று நாள் தேய்த்தேன். மிச்சமிருந்த சந்தில் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத மேடு நகத்தால் வருடினால் தெரியும். கடைசியில் நகத்துக்கும் தெரியாமல் போனது. ஆறு சக்கரங்களும் மிஞ்சின. அவற்றை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன்.

என் மனைவி தினமும் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள், தன் கை பட்டு எதாவது ஒடிந்துவிடும் என்று பயம். விமானம் துண்டின் மேல் வயிறு பதியக் கிடக்கும். கிண்ணத்தில் சக்கரங்களையும் பார்த்திருக்கிறாள். மாட்டுவண்டிக்குச் சக்கரம் கடைசியில்தானே மாட்டுவது, இதற்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

வெள்ளைப் பெயிண்ட் அடிக்க ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். இருந்தும் மலைகளுக்கு நடுவே புகுந்து வருகிற எங்கள் ஊர்க் காற்று எங்கிருந்தோ ஒரு தவிட்டுத் தூசியைக் கொண்டுவந்து மூக்கின் மேல் ஒட்டியது. காய்ந்தபின் தேய்த்து மறுபடி அடித்தேன். பெட்டியில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரும் சின்னமும் ஸ்டிக்கராக வந்திருந்தன. ஆத்தாளுக்குக் கம்பெனி எதற்கு என்று அதை விட்டுவிட்டேன். கதவுக் கோடுகள் போட்ட ஸ்டிக்கர்களை மட்டும் தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டினோம். முன்பக்கக் கண்ணாடி ஸ்டிக்கரை ஒட்டவில்லை. உருவாரத்துக்குக் கண்ணைக் கோயிலில்தான் திறப்பது. விமானத்துக்குக் கண் எது என்றால் அதுதான் என்று நானும் மகளும் பேசி முடிவு செய்திருந்தோம். கடைசியாகத் தென்னங்கட்டையில் ஒரு பீடம் செதுக்கி, சைக்கிள் கம்பியை வளைத்துக் குத்தி, மூக்கு கொஞ்சம் மேலே பார்க்க விமானத்தை அதில் ஏற்றினேன்.

அது வியாழக்கிழமை மத்தியானம். துண்டைவிட்டு ஒரு சாண் உயரத்தில் அது தனியாக நின்றது. கம்பி கண்ணில் படவே இல்லை. என் வீட்டுக்குள் ஒரு விமானம் பறந்தது. நான் செய்தேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து கையைக் கூப்பினாள். பிறகு குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தாள்.

"சக்கரம் எங்கீங்க?"

உள்ளே மடங்கியிருக்கிறது, பறக்கும்போது அப்படித்தான் என்றேன்.

"பறக்கறதுக்கா நான் நேந்துக்கிட்டேன்? எறங்கறதுக்குங்க. கால் தரையில படோணும்னு கேட்டேன். காலே இல்லாம செஞ்சு வெச்சிருக்கீங்களே."

அவள் சொல்வது சரி. காலுக்கு வேண்டிக்கொண்டு கையைச் செய்துவைத்தால் யாராவது ஏற்பார்களா? கிண்ணத்தைக் கொண்டுவந்து, மாட்டிக் கொடுங்கள் என்றாள். முடியாதென்று நான் விளக்கினேன். கதவுகளை அறுத்தால் வயிறு கிழியும். அப்படியே அறுத்து மாட்டினாலும் மூக்கினுள்ளே கனம் வைக்கவில்லை, உடம்பை ஒட்டிவிட்டேன், தரையில் வைத்தால் பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும். நான் சொல்லச் சொல்ல அவள் கண் நிறைந்தது. இன்னொரு பெட்டி வரவழைக்க நாள் இல்லை. திங்கட்கிழமை மகள் ஏற வேண்டும்.

மகள் சுவரோரம் நின்றிருந்தாள். நான் டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று அவளிடம் கேட்டேன். தள்ளிப்போட்டால் வேலை இல்லைங்கப்பா என்று மட்டும் சொன்னாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அன்றைக்குச் சாப்பிட்டோம். கைகழுவும்போது என் மனைவியே, "பூக் கேட்டுப்போடலாமுங்க," என்றாள்.

எதிலும் தீர்மானம் வராவிட்டால் நாங்கள் செய்வது அதுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விஷயம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

மறுநாள் ஆடி வெள்ளி. கூழ் ஊற்றி முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு மூவரும் போனோம். விமானத்தை நான் ஒரு வேட்டியால் மூடி, மடியில் பிள்ளை மாதிரி வைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். சக்கரமில்லாமல் இப்படியே வைக்கலாமா என்பதுதான் கேள்வி. பூசாரி முழுவதையும் கேட்டார்.

"கல்யாணத்துக்குப் பூக் கேட்டிருக்கறேன். கெணத்துக்குக் கேட்டிருக்கறேன். பங்காளி சண்டைக்கும் கேட்டாச்சு. சக்கரம் உள்ளயா வெளியயான்னு ஆத்தாகிட்டக் கேக்கறது இதுதான் மொதத்தரம்," என்றார். ஆனாலும் குளித்து ஈரத்துணியோடு வந்துதான் பொட்டலம் மடித்தார். அபிஷேகத்துக்குப் பால் கொண்டுவந்த ஓர் அம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

என் மனைவிக்கு மனசு ஆறவில்லை. இன்னொரு தரம் என்றாள். பூசாரி வேறு இலையில் வேறு பூ மடித்தார். அந்த அம்மாவே மறுபடி எடுத்தாள். மறுபடியும் வெள்ளை.

"சக்கரமில்லாம எப்புடி சாமி எறங்கறது?" என்று என் மனைவி கேட்டாள். பூசாரியைக் கேட்டாளா, அம்மனைக் கேட்டாளா, தெரியாது. அப்போது மகள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் உங்ககிட்ட அன்னிக்கு முழுசாச் சொல்லலீங்க."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். விமானம் அன்றைக்குச் சும்மா சுற்றவில்லை. ஒரு தரம் இறங்கவே வந்துவிட்டது. மழையில் ஒன்றும் தெரியாமல் கீழே கீழே வந்து, திடீரென்று ஜன்னலுக்கு வெளியே புல் தெரிந்தது, தண்ணீர் தேங்கின தரை தெரிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் செருப்பைக்கூட மாட்டிவிட்டார். இதோ தொட்டுவிட்டோம் என்று அவள் கைப்பையை எடுத்தாள். அந்தக் கணத்தில் காற்று விமானத்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. எஞ்சின் அலறியது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டது, முதுகு சீட்டோடு அழுந்தியது.

"காலுக்குக் கீழ கடகடன்னு சத்தமுங்கம்மா. சக்கரத்தை உள்ள இழுத்துக்கறாங்க. இப்பத்தான் எறங்கப்போறோம்னு இருக்கறேன், சக்கரத்தை மடக்கறாங்களே, இனி எறங்கவே மாட்டமோன்னு நெனைச்சேன். அப்பத்தான் ஆத்தாளைக் கூப்புட்டேன். அப்பறம் மைக்குல சொன்னாங்க, அந்தக் காத்துல எறங்கியிருந்தா தப்பாப் போயிருக்கும், அதுதான் மேல கொண்டுபோயிட்டேன்னு. சக்கரத்தை மடக்கீட்டு மேல போனதனாலதாங்கம்மா நான் உங்க முன்னால உக்காந்திருக்கறேன். இங்க வந்து உங்களுக்குச் சொன்னா நீங்க என்னை மறுக்கா ஏறவே விடமாட்டீங்கன்னு சொல்லலை."

நான் மடியில் இருந்ததை மூடியிருந்த வேட்டியை விலக்கினேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு, சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொண்டு அது மேலே போய்க்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ஆமாம் இப்படித்தான் என்கிற மாதிரி.

பெட்டியைத் திறந்த அன்று எனக்கு இது தெரியாது. வேண்டிக்கொண்டபோது என் மனைவிக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. பால் கொண்டுவந்த அம்மாவுக்கோ ஒன்றுமே தெரியாது. இரண்டு பொட்டலத்தில் ஒன்று வெள்ளையாக வருவது என்ன அதிசயம் என்று படித்தவர்கள் கேட்கலாம், கேட்கட்டும். நான் என் கைக்குப் பெருமை தேடவில்லை. நான் யோசிக்காமல் சொன்ன ஒரு சொல்லுக்கு உள்ளே இவ்வளவு இருந்திருக்கிறதே என்றுதான் இன்றைக்கும் நினைத்து நினைத்து நிற்கிறேன்.

பூசாரி கற்பூரம் ஏற்றினார். கண் திறக்கச் சொன்னார். மகள் கண்ணாடி ஸ்டிக்கரைத் தீர்த்தத்தில் நனைத்து, சாமணத்தால் எடுத்து முன்பக்கம் வைத்து, விரல் நுனியால் நீவினாள். அதுவரை குருடாக இருந்தது பார்க்க ஆரம்பித்தது. மழையில் கெட்டுவிடும் என்று வேப்பமரத்தடியில் வைக்காமல், வரிசை முடிகிற இடத்தில் குதிரைகளுக்குப் பக்கத்து ஓட்டுச் சாய்ப்பின் கீழ் வைத்தோம். காற்று வந்தபோது சைக்கிள் கம்பி ஆடியது. ரெக்கை நுனி இரண்டும் மெல்ல நடுங்கின.

என் மனைவி அர்ச்சனைத் தட்டு வாங்கினாள். மகளுடைய பேருக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவள் மகளைத் திரும்பிப் பார்த்து, அந்த விமானத்தை ஓட்டினவருக்கு என்ன பேர் என்று கேட்டாள்.

"தெரியிலீங்கம்மா. மைக்குல சொன்னாங்க, எனக்கிருந்த பயத்துல காதுல விழுகலை. பொம்பளைதானுங்க பேசுனாங்க."

"பொம்பளையா ஓட்டுச்சு?"

"ஆமாங்கம்மா. கொரல் ஒரு துளி நடுங்கலை."

என் மனைவி தட்டைப் பூசாரியிடம் நீட்டினாள். பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது, ஆனால் அந்தப் பொண்ணுக்குத்தான் அர்ச்சனை செய்ய வேண்டும் என்றாள். பூசாரி, தெரியாவிட்டால் சாமி பேருக்கே செய்துவிடலாம், போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரும் என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார். அவர் மந்திரம் சொல்லி முடிக்கும் வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கு இப்போதும் பயம் இருக்கிறதா, இருந்தாலும் அனுப்புவாளா என்று நானும் மகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, மகளுக்கும் பூசிவிட்டாள். பிறகு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"திங்கக்கெழமை எத்தன மணிக்குக் கண்ணு ஊட்டுல இருந்து பொறப்படோணும்? நேத்துத் தொவைச்சது இன்னும் காயலை. வெயிலு இருக்கறப்பவே போயி மறுக்கா விரிச்சுப்போடோணும்."